பேருந்து நகர்வதற்குள்: ஸ்கெட்ச் புக்கில் உயிருள்ள கோடு வரைய ஒரு முழுமையான வழிகாட்டி

கும்பகோணம் பேருந்து நிலையத்தில் ஒரு மதியம். சிமென்ட் பெஞ்சில் ஒரு பாட்டி, மடியில் கட்டைப்பை, பையின் மேல் கன்னம். நல்ல தூக்கம். சட்டைப் பையில் இருந்த பால் பாயின்ட் பேனாவை எடுத்து வரைந்தேன். முதுகுக்கு ஒரு வளைவு, பைக்கு ஒரு கோணல் சதுரம், பெஞ்சுக்கு வெளியே தொங்கிய கைக்கு ஒரு நீளக் கோடு. அதற்குள் மன்னார்குடி பஸ் வந்தது, யாரோ எழுப்பினார்கள், பாட்டி போய்விட்டார். முகத்தை வரைய நேரமே கிடைக்கவில்லை.

அந்த வாரம் வீட்டில் பெரிய தாளில், நல்ல பென்சிலில், இரண்டு நாள் உட்கார்ந்து அதே பாட்டியை வரைந்தேன். முகம் வைத்தேன், சேலை மடிப்பு வைத்தேன், பையில் ஜவுளிக்கடை எழுத்துகூட வைத்தேன். அளவெல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் பாட்டி தூங்கவில்லை. தூங்குவதுபோல் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்திருக்கிறேன். ஓவிய நண்பர்கள் ‘கோட்டில் உயிர் இருக்கு’ என்பார்களே, அது சின்னப் படத்தில் இருந்தது, பெரியதில் இல்லை. அந்த உயிர் எங்கிருந்து வருகிறது, அதை எப்படிப் பிடிப்பது, பிடித்ததை எப்படிக் கெடுக்காமல் வைத்திருப்பது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். வரையவே தெரியாது என்பவர்களும் செய்யலாம். நன்றாக வரையத் தெரிந்தவர்களுக்குச் சில படிகள் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் கை பழகிய சில வழக்கங்களை விடவேண்டி வரும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வேகமாக வரைந்தால் உயிர் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். நேரில் பார்த்து வரைந்தாலே போதும் என்று இன்னும் சிலர். ஆனந்த விகடனில் கோயில் சிற்பங்களை வரைந்த ஓவியர் சில்பி அந்தந்தக் கோயிலுக்கே போய், சிற்பத்தின் முன்னால் உட்கார்ந்துதான் வரைந்தார். ஆனால் அவர் தேடியது வேறு. கல்லின் ஒவ்வொரு அணிகலனும் தாளுக்கு வரவேண்டும் என்ற பொறுமை அது. அதன் அழகே தனி. ஸ்கெட்ச் புக் கேட்பது இன்னொன்றை: கண் ஒன்றைக் கண்ட கணமும் கை அதைப் போட்ட கணமும் ஒன்றாக இருக்கவேண்டும். கை மெதுவாகப் போகலாம், தப்பில்லை. கண்ணுக்கும் கைக்கும் நடுவில் ‘இது அழகாக வருமா’ என்ற யோசனை நுழையக்கூடாது, அவ்வளவுதான். கீழே வரும் எல்லாப் படிகளும் அந்த யோசனை நுழையும் வழிகளை ஒவ்வொன்றாக அடைப்பதற்குத்தான்.

படி 1: வீணாக்கத் துணிவு வரும் நோட்டு

விலை கூடிய நோட்டு வாங்காதீர்கள். தோல் அட்டை போட்ட நோட்டைத் திறந்தவுடன் கை நடுங்கும், ஒவ்வொரு பக்கமும் நல்ல படமாக வரவேண்டும் என்று தோன்றும். ஏ5 அளவு எனக்குப் பிடித்தது. 14.8 சென்டிமீட்டருக்கு 21. இடது கையில் ஏந்திக்கொண்டு நின்றபடியே வரையலாம். இங்கிலாந்தின் ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1813இலும் 1814இலும் வரைந்த இரண்டு நோட்டுகள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இரண்டும் உள்ளங்கையில் அடங்கும் அளவு. வயல், படகு, மரம், ஏர் என்று அந்தச் சின்னப் பக்கங்களில் ஒரு நாட்டுப்புறமே இருக்கிறது. கையில் அடங்கும் நோட்டுதான் நாள் முழுக்க கூட வரும்.

தாள் 100 முதல் 140 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரை இருந்தால் போதும். பள்ளி நோட்டின் மெல்லிய தாளில் மை பின்பக்கம் தெரியும். 200க்கு மேல் போனால் பக்கங்கள் குறைந்துவிடும், சிக்கனம் வந்துவிடும். சிக்கனம் இந்த வேலைக்கு ஆகாது. பிரிண்டிங் பிரஸ்ஸில் வெட்டி மிஞ்சும் துண்டுத் தாள்களை வாங்கி, பைண்டரிடம் கொடுத்து தைத்து வாங்கினால் இன்னும் நல்லது. தைத்த நோட்டு தட்டையாக விரியும், இரண்டு பக்கமும் ஒரே பக்கமாகக் கிடைக்கும்.

1943 வங்கப் பஞ்சத்தில் கல்கத்தா தெருக்களில் ஓவியர் ஜெய்னுல் ஆபிதீன் வரைந்த படங்களைப் பார்த்தால் தாளைப் பற்றிய கவலையே போய்விடும். பொட்டலம் கட்டும் மலிவுத் தாளில், கரியை எரித்துத் தானே செய்த மையில் வரைந்தவை அவை. எலும்பும் தோலுமாய்க் கிடந்தவர்களைத் தூரிகையின் சில இழுப்புகளில் போட்டிருக்கிறார். காய்ந்த தூரிகை அந்தச் சொரசொரத் தாளில் இழுபடும் தடம் வறண்ட தோலாகவே தெரியும். நல்ல வழவழப்பான தாளில் அது வந்திருக்காது.

புது நோட்டின் முதல் பக்கம் பயமுறுத்தினால் நடுவில் திறந்து ஆரம்பியுங்கள்.

படி 2: அழிக்க முடியாத பேனா

முதல் மூன்று மாதம் பென்சிலையும் ரப்பரையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பென்சில் மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. 6பி பென்சிலின் மென்மை வேறு எதிலும் வராது. ஆனால் ரப்பர் கையில் இருந்தால் கண் பாட்டியைப் பார்க்காது, தாளைத்தான் பார்க்கும். தாளில் இருக்கும் தப்பைத் திருத்திக்கொண்டிருக்கும்போதே பஸ் வந்துவிடும்.

ஆரம்பத்துக்குச் சாதாரண பால் பாயின்ட் பேனாவைவிடச் சிறந்தது இல்லை என்பது என் எண்ணம். அழுத்தினால் கருக்கும், லேசாகத் தொட்டால் பென்சில்போல் சாம்பலாக வரும், தலைகீழாகப் பிடித்தால் மட்டும் எழுதாது. ஜெல் பேனா எப்போதும் ஒரே தடிமனில் ஓடும். கோட்டில் அழுத்தம் பதியாது, நம் ஊர் வியர்வையில் இழுபட்டுக் கறையும் ஆகும். மைப்பேனாவில் ஒரு வசதி உண்டு. பள்ளிக்கூடத்து நீல மை தண்ணீர் பட்டால் கரையும். கோட்டைப் போட்டு, ஈர விரலால் ஒரு பக்கம் தேய்த்தால் நிழல் வந்துவிடும். விரல் நீலமாகும், பரவாயில்லை.

ஒரு சின்ன விஷயம், ஆனால் சித்திரை வைகாசியில் பெரிய விஷயம்: வரையும் கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் வையுங்கள். உள்ளங்கை எண்ணெய் பட்ட இடத்தில் பால் பாயின்ட் பேனா வழுக்கிக்கொண்டு எழுதாமல் போகும்.

படி 3: திரும்பத் திரும்ப நடக்கும் வேலை இருக்கிற இடம்

ஆரம்பத்தில் ஓடும் குழந்தையைத் துரத்தாதீர்கள். ஒரே அசைவு மறுபடி மறுபடி வரும் இடமாகப் பாருங்கள். டீ மாஸ்டர் ஆற்றும்போது மேல்கை ஒவ்வொரு முறையும் அதே உச்சிக்குத்தான் போகும். பூ கட்டும் அக்காவின் விரல்கள் அதே முடிச்சுக்குத் திரும்பும். இளநீர் வெட்டுபவர், இஸ்திரி போடுபவர், பரோட்டா வீசுபவர் எல்லோரும் அப்படித்தான். உங்களுக்குத் தேவையான ஒரு நிலையை மனதில் முடிவு செய்துகொள்ளுங்கள். அது போய்விட்டால் பேனாவை எடுத்துவிடுங்கள், திரும்பி வரும்போது மறுபடி வையுங்கள். அல்லது ஒரே பக்கத்தில் மூன்று நிலைகளை ஆரம்பித்துவிட்டு, ஆள் எந்த நிலைக்கு வருகிறாரோ அந்தப் படத்துக்குத் தாவுங்கள். அரைமணி நேரத்தில் மூன்றும் வளர்ந்திருக்கும்.

நேரமும் முக்கியம். உச்சிவெயிலில் நம் ஊரில் நிழல் காலடிக்குள் போய்விடும், முகத்தில் கண்குழி மட்டும் கருப்பாகத் தெரியும். காலை ஒன்பதுக்குள் அல்லது மாலை நான்குக்கு மேல் உட்கார்ந்தால் நிழலே பாதிப் படத்தை வரைந்து கொடுத்துவிடும்.

அப்புறம், ஆட்களிடம் நடந்துகொள்ளும் முறை. தூரத்தில் கூட்டத்தை வரைவதற்குக் கேட்கவேண்டாம். பக்கத்தில் ஒருவரையே உற்றுப் பார்த்து வரைவதென்றால் கேட்டுவிடுங்கள். “அக்கா, நீங்க பூ கட்டுறதை வரையட்டுமா?” என்றால் பெரும்பாலும் சிரிப்புதான் பதிலாக வரும். வேண்டாம் என்றால் நோட்டை மூடிவிடவேண்டும். வரைந்து முடித்ததைக் காட்டுங்கள். ஒரு பூக்கார அக்கா என் படத்தைப் பார்த்துவிட்டு, “கை சரி தம்பி, ஆனா நூலு இந்தப் பக்கம்ல வரும்” என்று பாடம் சொன்னார். அன்றிலிருந்து நூல் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் நான் பூக்காரர் யாரையும் வரைவதில்லை.

படி 4: பேனா தொடுமுன் கனத்தைத் தேடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

உட்கார்ந்தவுடன் வரையாதீர்கள். பத்து மூச்சு வரை சும்மா பாருங்கள். மூக்கு எப்படி, சட்டை என்ன நிறம் என்று பார்க்காதீர்கள். கனம் எங்கே இறங்குகிறது என்று மட்டும் பாருங்கள். நிற்கும் மனிதரின் உடல் பாரம் அநேகமாக ஒரு காலில்தான் இருக்கும். கழுத்துக்குழியிலிருந்து நேர்கீழே ஒரு தூக்குநூல் விட்டால் அது பாரம் தாங்கும் பாதத்தின் பக்கம்தான் விழும். அந்தப் பக்கத்து இடுப்பு மேலே ஏறியிருக்கும், தோள் கீழே சாய்ந்திருக்கும். இந்த மூன்றையும் பிடித்துவிட்டால் முகமே இல்லாமல் ஆள் நிற்பார். இது பிடிபடாமல் கண் மூக்கு எவ்வளவு அழகாக வைத்தாலும் காற்றில் மிதப்பார்.

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1650களில் வரைந்ததாகக் கருதப்படும் ஒரு பேனாப் படம் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. குழந்தைக்கு நடை பழக்கும் காட்சி. தாயும் அக்காவும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, எதிரே குந்தியிருக்கும் தகப்பன் கை நீட்டி அழைக்கிறார். பின்னால் ஒரு பெண் பால் வாளியோடு போகிறாள். ஓவியர் டேவிட் ஹாக்னி இந்தப் படத்தைப் பற்றிப் பேசி ஓய்ந்ததில்லை. அந்தப் பால்காரியைப் பாருங்கள் என்பார். வாளிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது, ஆனால் அது நிறைந்த வாளி என்று தெரியும். எதிர்ப்பக்கத்துக் கை விலகி நீண்டிருப்பதுதான் அதைச் சொல்கிறது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடப்பவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. குடம் நிறைந்ததா காலியா என்பது தெருமுனையிலிருந்தே தெரியும். கண்ணுக்குத் தெரிந்த அதைக் கைக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டும்.

என் பாட்டிப் படத்திலும் இதுதான் நடந்திருக்கிறது. தலையின் முழு பாரமும் பையின் மேல் இறங்கியிருந்தது. பை அமுங்கிக் கோணலாக இருந்தது. பெரிய படத்தில் நான் பையை நேராக்கி, அதில் எழுத்தும் எழுதிவிட்டேன். அமுங்காத பையின் மேல் யார் தூங்க முடியும்?

படி 5: முதல் கோடு நீளமாக, வெளிவரம்பு வேண்டாம்

முதல் கோடு கனம் போகும் பாதையாக, ஒரு கனக்கோடாக இருக்கட்டும். தலை உச்சியிலிருந்து முதுகு வழியாகப் பாரம் தாங்கும் பாதம் வரை ஒரே இழுப்பு. மணிக்கட்டை அசைக்காமல் முழங்கையிலிருந்து, முடிந்தால் தோளிலிருந்து இழுங்கள். சின்ன நோட்டிலும் இது முடியும். தயங்கித் தயங்கி, முடி முடியாக அடுக்கிப் போடும் கோட்டில் நம் பயம்தான் பதியும்.

இதற்கு ஒரு பயிற்சி உண்டு. உங்கள் இடது கையை மேசை மேல் வையுங்கள். நோட்டைப் பார்க்காமல், கையின் ஓரத்தில் ஓர் எறும்பு ஊர்வதாக நினைத்து, கண் அந்த எறும்போடு போகும் வேகத்திலேயே பேனாவும் போகட்டும். ஐந்து நிமிடம். வந்த படம் விகாரமாக இருக்கும், விரல்கள் ஒன்றோடொன்று சேராது. ஆனால் ஒரு மூட்டின் சுருக்கம் மட்டும் நீங்கள் இதுவரை வரைந்ததிலேயே உண்மையாக இருக்கும். தினம் ஒன்று, இரண்டு வாரம் செய்தால் கண்ணும் கையும் சேர்ந்து நடக்கப் பழகிவிடும்.

படி 6: நேரக் கட்டு

வெளியில் போக முடியாத நாட்களில் வீட்டிலேயே இதைச் செய்யலாம். முப்பது விநாடிப் படங்கள் பத்து, இரண்டு நிமிடப் படங்கள் மூன்று, ஐந்து நிமிடப் படம் ஒன்று. மொத்தம் பதினாறு நிமிடம். முப்பது விநாடியில் கனக்கோடு மட்டும்தான் வரும். இரண்டு நிமிடத்தில் தோள், இடுப்பு, கைகள். ஐந்து நிமிடத்தில் ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் விவரம்.

நாலாவது மாடியிலிருந்து குதிக்கும் ஒருவன் தரையைத் தொடுவதற்குள் அவனை வரைய முடியாதவனால் பெரிய ஓவியம் படைக்க முடியாது என்று பிரெஞ்சு ஓவியர் தெலாக்ரவா சொன்னதாகக் கவிஞர் பாதலேர் எழுதியிருக்கிறார். அவ்வளவு வேகம் யாருக்கும் வேண்டாம். அதில் நான் எடுத்துக்கொள்வது இதைத்தான்: நேரம் குறையக் குறைய எதை விடுவது என்ற முடிவு தானாகவே நடக்கும். முப்பது விநாடியில் சட்டைப் பொத்தானை யாரும் வரைவதில்லை. அந்த முடிவுதான் இங்கே கிடைக்கும் பயிற்சி, வேகம் அதன் பின்னால் வரும்.

படி 7: விவரத்துக்கு ஓர் இடம் மட்டும்

ஒரு பக்கத்தில் ஓர் இடத்தை மட்டும் ஆசை தீர வரையுங்கள். டீ மாஸ்டரின் கையும் குவளையும் என்றால் அது மட்டும். மீதி எல்லாம் கோடாகவே நிற்கட்டும், சில இடங்களில் கோடும் வேண்டாம். முதுகு வெயிலில் கரைந்து தெரிகிறதா, அந்த இடத்தில் தாளை அப்படியே விட்டுவிடுங்கள். பார்ப்பவரின் கண் அதை முடித்துக்கொள்ளும். எல்லா இடத்தையும் ஒரே அக்கறையோடு வரைந்தால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் வெளியே போய்விடும்.

படி 8: தப்பான கோட்டின் பக்கத்திலேயே சரியான கோடு

கை நீளமாகிவிட்டதா? அழிக்காதீர்கள், அடிக்காதீர்கள். பக்கத்தில் கொஞ்சம் அழுத்தமாகச் சரியான கோட்டைப் போடுங்கள். இரண்டும் இருக்கட்டும். பழைய ஓவியர்களின் நோட்டுகளில் ஒரு குதிரைக்கு ஐந்தாறு கால்கள் இருப்பதைப் பார்க்கலாம். அவற்றில் எந்தக் காலும் தப்பாகத் தெரியாது, குதிரை அசைவதாகத் தெரியும். தேடிய தடம் தெரியும்போதுதான் பார்க்கிறவரும் நம்மோடு சேர்ந்து தேடுகிறார்.

ஆள் பாதியில் எழுந்து போய்விட்டாலும் இதே விதிதான். அடுத்து வந்து உட்கார்ந்தவரின் காலை முதல் ஆளுக்கு ஒட்டவைக்காதீர்கள். பாதி ஆள் பாதியாகவே இருக்கட்டும். அதன் மேலேயே அடுத்தவரை ஆரம்பிக்கலாம்.

படி 9: பக்கத்திலேயே எழுதுங்கள்

தேதி, இடம், நேரம் கட்டாயம். அதற்கு மேல், கோட்டில் வராததை எழுதுங்கள்: ‘சேலை வாடிய கத்தரிப்பூ நிறம்’, ‘டீசல் வாசனை’, ‘மைக்கில் திருவாரூர் திருவாரூர் என்று கத்துகிறார்கள்’.

1832 ஜனவரியில் பிரெஞ்சுத் தூதுக்குழுவோடு மொராக்கோ போன யூஜின் தெலாக்ரவா அந்த ஆறுமாதப் பயணத்தில் நோட்டு நோட்டாக நிரப்பினார். பக்கங்களில் வாசல்கள், குதிரைகள், அமர்ந்திருக்கும் மனிதர்கள், அவர்களுக்கு இடையே அவர் கையெழுத்து. வண்ணம் பூச நேரமில்லாத இடத்தில் வண்ணத்தின் பெயரை எழுதியிருக்கிறார். 1863இல் இறக்கும்வரை அந்தப் பயணத்தின் நினைவிலிருந்து ஓவியங்கள் வரைந்துகொண்டே இருந்தார். எனக்கு அந்தப் பெரிய ஓவியங்களைவிட நோட்டுகள் மேல்தான் பிரியம். ஓவியத்தில் வெயில் திட்டமிட்டு அடிக்கிறது. நோட்டில் அது கண்ணைக் கூசுகிறது.

நம் நாட்டில் இதை வேறு ஒரு தேவைக்காகச் செய்தவர்கள் உண்டு. 1943 நவம்பரில் ஓவியர் சித்ரபிரசாத் பஞ்சம் பாதித்த மிதுனாப்பூர் மாவட்டத்தில் நடந்து, பார்த்ததை வரைந்து, எழுதினார். ‘பசித்த வங்கம்’ என்ற சிறு நூலாக வந்த அதன் பிரதிகளைப் பிரிட்டிஷ் அரசு பறித்து அழித்தது. 1946 டிசம்பரில் இளம் ஓவியரான சோம்நாத் ஹோர், விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு கேட்டுப் போராடிய குத்தகை விவசாயிகளைப் பார்க்க ரங்பூர் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய், நாட்குறிப்பும் கோட்டோவியமும் கலந்து ஒரு நோட்டை நிரப்பினார். இவர்கள் கோட்டை அழகுபடுத்த உட்காரவில்லை. எதிரே இருந்தவர்களுக்குச் சாட்சியாக இருக்கவேண்டிய அவசரம் அவர்களுக்கு இருந்தது. அந்த அவசரம் எண்பது வருடம் கழித்தும் தாளில் இருக்கிறது.

படி 10: வரைய முடியாத இடத்தில் மனதில் எடுங்கள்

சில இடங்களில் நோட்டை எடுக்கவே கூடாது. ஆஸ்பத்திரி வராந்தா, துக்க வீடு. 1940 செப்டம்பரில் குண்டுவீச்சுக்குப் பயந்து லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் மக்கள் வரிசை வரிசையாகப் படுத்திருந்ததைச் சிற்பி ஹென்றி மூர் பார்த்தார். அங்கே உட்கார்ந்து அவர்களை வரைவது அநாகரிகம் என்று அவருக்குத் தோன்றியது. யார் கண்ணிலும் படாமல் சில வார்த்தைகளைக் குறித்துக்கொண்டு, மறுநாள் வீட்டில் நினைவிலிருந்து வரைந்தார். போர்வைக்குள் நீண்டு கிடக்கும் அந்த உருவங்களில் நேரில் வரைந்தவற்றுக்குக் குறையாத ஈரம் இருக்கிறது.

இதைப் பழகலாம். ஒருவரை ஒரு நிமிடம் பாருங்கள், முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், கனக்கோட்டைச் சுட்டுவிரலால் தொடையில் ஒருமுறை வரைந்து பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் நோட்டில் போடுங்கள். அடுத்த நாள் என்று தள்ளினால் பாதி போய்விடும். மூர் செய்த ஒரு கைவேலையும் உங்களுக்கு உதவும்: மெழுகுக் கிரேயானில் கோடுகளைப் போட்டு, மேலே நீர்க்க மையையோ வாட்டர் கலரையோ பூசினால் மெழுகு பட்ட இடத்தில் நீர் ஒட்டாது. இருட்டுக்குள்ளிருந்து உருவம் எழுந்து வரும். மின்வெட்டு நேரத்து மெழுகுவத்தித் துண்டு இருந்தாலே போதும், அதை வைத்தே முயன்று பார்க்கலாம்.

செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் வரையலாமே என்று கேட்பார்கள். பஸ்ஸின் முன்கண்ணாடி வடிவம் மறந்துவிட்டால் சரிபார்க்க அது உதவும். ஆனால் முழுப் படத்தையும் போட்டோவிலிருந்து வரையவேண்டாம் என்றுதான் சொல்வேன். எதை எடுப்பது எதை விடுவது என்ற முடிவைக் கேமரா எடுக்காது, எல்லாவற்றையும் சமமாக எடுத்து வைத்திருக்கும். காத்திருந்த நேரமும் அதில் இருக்காது. டீ மாஸ்டரின் கை மூன்றாவது தடவை உச்சிக்கு வரும்போதுதான் அவர் தோளைக் கொஞ்சம் தூக்குகிறார் என்று நமக்குத் தெரிகிறது.

படி 11: எழுந்துவிடுங்கள்

எப்போது நிறுத்துவது என்பதற்கு நான் வைத்திருக்கும் அடையாளம் ஒன்று உண்டு. எதிரே இருப்பதைப் பார்க்கும் நேரத்தைவிடத் தாளைப் பார்க்கும் நேரம் கூடிவிட்டால் படம் முடிந்துவிட்டது. அதற்கு மேல் போடும் ஒவ்வொரு கோடும் அலங்காரம். பேனாவை மூடிவிட்டு ஒரு டீ சாப்பிடுங்கள்.

வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தைத் தொடவே தொடாதீர்கள். ராத்திரி விளக்கில், ‘இங்கே கொஞ்சம் நிழல் போட்டால் எடுப்பாக இருக்குமே’ என்று தோன்றும். வேண்டாம். வரைந்த அன்று நமக்குக் குறை மட்டும்தான் தெரியும். மூன்று மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால், அன்று வெட்கப்பட்ட பக்கம்தான் அநேகமாக நன்றாக இருக்கும். பெருமைப்பட்ட பக்கத்தில் கையின் சாமர்த்தியம் தெரியும்.

படி 12: பெரிய தாளுக்குக் கொண்டுபோவது

எல்லோருக்கும் கடைசியில் வரும் ஆசை இது. சின்ன நோட்டில் வந்ததைப் பெரிதாகச் செய்யவேண்டும், அந்த உயிர் போகாமல். கான்ஸ்டபிளுக்கும் இந்தக் கவலை இருந்திருக்கிறது. 1821இல் காட்சிக்கு வைத்த ‘வைக்கோல் வண்டி’ ஓவியத்துக்கு முன்னால், அதே ஆறடி அளவில் எண்ணெய் வண்ணத்தில் ஒரு ஸ்கெட்ச் முழுதாகப் போட்டுப் பார்த்தார். அதுவும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. முடித்த ஓவியம் லண்டன் நேஷனல் கேலரியில். இரண்டில் எது சிறந்தது என்று இன்றுவரை சண்டை போடுகிறார்கள். நான் ஸ்கெட்ச் கட்சி. அந்த வானத்தில் மழை வரப்போகிறது.

கட்டம் போட்டுப் பெரிதாக்கவேண்டாம். புரொஜெக்டரும் வேண்டாம். கட்டம் கோட்டின் இடத்தைக் கொண்டுபோகும், வேகத்தையும் அழுத்தத்தையும் கொண்டுபோகாது. சின்னக் கோட்டை முழங்கையிலிருந்து போட்டோம் என்றால் பெரிய தாளில் அதே கோட்டுக்கு முழுக் கையும் வேண்டும். ஆகவே நின்றுகொண்டு, சுவரில் தாளை ஒட்டி, தடித்த தூரிகையோ கரித்துண்டோ எடுங்கள். நோட்டை ஐந்து நிமிடம் பாருங்கள், அதில் எழுதிய வார்த்தைகளைப் படியுங்கள், பிறகு மூடி வையுங்கள். திறந்து வைத்தால் உங்கள் கோட்டை நீங்களே காப்பியடிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். கனம் எங்கே இறங்கியது என்பதை மட்டும் மனதில் வைத்து, அந்தச் சின்னப் படத்துக்கு எவ்வளவு நேரம் ஆனதோ கிட்டத்தட்ட அதே நேரத்தில் பெரியதையும் போடுங்கள். சரியாக வராது. அதைக் கழற்றிவிட்டு அடுத்த தாளை ஒட்டுங்கள். திருத்தவேண்டாம், மறுபடி முதலிலிருந்து போடுங்கள். அதனால் தாள் மலிவாக இருக்கட்டும். பழைய செய்தித்தாள்கூட நல்லதுதான். கருப்பு மை அதன் மேல் நன்றாக நிற்கும்.

போன வருடம் அந்தக் கும்பகோணத்துப் பாட்டியை இப்படித்தான் மறுபடி எடுத்தேன். நோட்டை மூடி வைத்துவிட்டு, இரண்டு அங்குலத் தூரிகையில் மையைத் தோய்த்து, நின்றபடி. முதல் மூன்று தாளில் முதுகே வரவில்லை. நான்காவதில் பை அமுங்கியது. ஐந்தாவதில் தொங்கும் கை வந்தது, ஆனால் தலை மிதந்தது. ஆறாவது தாளில் பாட்டி தூங்கிவிட்டார்.